முழங்கால் வலி: ஒரு விரலால் தொட்டுக் காட்டப் பழகுங்கள்

யாராவது முழங்கால் வலிக்கிறது என்று சொன்னால் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, "ஒரே ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க, சரியா எந்த இடம்?" என்பதுதான். நான் மருத்துவன் இல்லை. முழங்காலைத் திருகிக்கொண்டு மாதக்கணக்கில் பிசியோதெரபிக்குப் போய்வந்தவன், அதே சமயத்தில் மூட்டுத் தேய்மானத்தோடு இருக்கும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனவன், அவ்வளவுதான். ஒரே வீட்டில் ஒரு கிழிந்த முழங்கால், ஒரு தேய்ந்த முழங்கால். இரண்டும் "முட்டி வலி" என்ற ஒரே பெயரில் இருந்தாலும் வலிக்கும் இடம் வேறு, வீங்கும் விதம் வேறு, செய்ய வேண்டியதும் வேறு. எங்களைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் பொறுமைசாலி. படத்தைக் காட்டிச் சொல்லாமல் என் விரலை என் காலிலேயே வைத்து ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தார். அந்தப் பாடம் மருந்து மாத்திரையைவிட எனக்கு உதவியது என்று உறுதியாகச் சொல்வேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்தபோது வலது பாதம் தரையில் அழுந்தி நின்றுவிட்டது, உடம்பு மட்டும் இடப்பக்கம் திரும்பியது. முட்டியின் உள்பக்கம் சுருக்கென்றது. சத்தம் எதுவும் கேட்கவில்லை, நொண்டிக்கொண்டாவது நடக்க முடிந்தது. மறுநாள் காலையில்தான் நன்றாக வீங்கியிருந்தது. எலும்பு மருத்துவரிடம் போனபோது அவர் காலைத் தொடுவதற்கு முன்பே கேட்ட கேள்விகள் இவைதான்: அடிபட்டபோது உள்ளே 'டப்' என்று ஏதாவது கேட்டதா, உடனே வீங்கியதா அல்லது மெதுவாகவா, அதற்குப் பிறகு கால் ஊன்ற முடிந்ததா, மடக்கிய கால் நீட்ட முடியாமல் எங்காவது மாட்டிக்கொள்கிறதா, நடக்கும்போது முட்டி திடீரென்று விட்டுப்போவது போல இருக்கிறதா.

ஏன் இதையெல்லாம் கேட்கிறார்கள் என்பது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்ததும் புரிந்துவிட்டது. மூட்டுக்குள் நடுவில் இரண்டு தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. முன்பக்கத்து ஏசிஎல், கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் அதிகமாகத் திருகாமலும் பிடித்துக்கொள்கிறது. பின்பக்கத்து பிசிஎல் அது பின்னால் போகாமல் பார்த்துக்கொள்கிறது. ஏசிஎல்லுக்கு ரத்தக் குழாய்கள் உண்டு. அது அறுந்தால் மூட்டுக்குள் ரத்தம் கொட்டி, பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள்ளேயே முட்டி பெருத்துவிடும். முட்டியின் முன்னால் மூடி போல இருக்கும் சில்லு விலகினாலும், மூட்டுக்குள் எலும்பு உடைந்தாலும் அதே மாதிரி சீக்கிரம் வீங்கும். எலும்புகளுக்கு நடுவில் திண்டு போல இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்தால் அப்படி இல்லை, அதில் பெரும்பகுதிக்கு ரத்த ஓட்டமே கிடையாது, உள்சவ்வு எரிச்சலடைந்து நீர் சுரந்து வீங்குவதற்கு ஒரு நாள் போல ஆகும். அதனால் விளையாட்டிலோ விழுந்தோ அடிபட்டால் உடனே கைபேசியில் நேரத்தைக் குறித்துவையுங்கள்: எப்போது அடிபட்டது, எப்போது வீங்கத் தொடங்கியது, எந்தப் பக்கம் திரும்பும்போது நடந்தது. இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சரி, இப்போது உங்கள் காலுக்கு வருவோம். இதைப் படிக்கும்போதே செய்து பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் தரையில் இருக்கும்படி முழங்காலை 90 டிகிரி மடக்கிக்கொள்ளுங்கள்.

முன்னால் கைக்கு முதலில் தட்டுப்படுவது சில்லு. இது தொடைத் தசையின் நாருக்குள்ளேயே புதைந்திருக்கும் எலும்பு, இப்படி நாருக்குள் இருக்கும் எலும்புகளில் உடம்பிலேயே பெரியது இதுதான். பிறக்கும்போது இது எலும்பாக இருக்காது, குருத்தெலும்பாகத்தான் இருக்கும், மூன்று வயதுக்குப் பிறகுதான் மெல்ல எலும்பாக மாறத் தொடங்கும். தொடைத் தசை இழுக்கும் விசையை மூட்டிலிருந்து சற்று முன்னால் தள்ளிப் பிடித்து, குறைந்த பலத்தில் காலை நீட்டவைப்பதுதான் இதன் முக்கியமான வேலை. சில்லின் கீழ்நுனியிலிருந்து விரலை இறக்கினால் விறைப்பான ஒரு பட்டை தெரியும், அது சில்லு நார். அது போய் முடியும் இடத்தில் கீழ்க்கால் எலும்பில் ஒரு மேடு இருக்கும். ஓடியாடும் வயதில், குறிப்பாக வேகமாக வளரும் பருவத்தில் இருக்கும் பிள்ளைகள் "முட்டிக்குக் கீழ வலிக்குது" என்று சரியாக அந்த மேட்டைத் தொட்டுக் காட்டினால் அது பெரும்பாலும் ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று 1903-லேயே விவரிக்கப்பட்ட பிரச்சினையாக இருக்கும். நார் இழுப்பதால் வளர்ச்சிப் பகுதியில் வரும் எரிச்சல் அது. ஆட்டத்தைக் கொஞ்சம் குறைத்தால் நாளடைவில் சரியாகிவிடும், வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் வலியும் நின்றுவிடும்.

இப்போது சில்லு நாருக்கு இருபுறமும் இரண்டு பள்ளங்கள் இருக்கும், கட்டைவிரலை வைத்து அழுத்திப் பாருங்கள். அங்கிருந்து பக்கவாட்டில் உள்பக்கமாகவும் வெளிப்பக்கமாகவும் விரலை நகர்த்தினால் மேலே தொடை எலும்பு, கீழே டிபியா என்கிற கீழ்க்கால் எலும்பு, நடுவில் ஒரு மெல்லிய இடுக்கு. இதுதான் மூட்டுக்கோடு. முழங்காலைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள நேரம் இருக்கிறது என்றால் இந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கத் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன். வலி இந்தக் கோட்டின் மேலேயே இருந்தால் மெனிஸ்கஸையும் மூட்டையும் சந்தேகப்படுவார்கள். கோட்டுக்கு மேலும் கீழும் நீளவாக்கில் வலித்தால் பக்கத் தசைநார். கோட்டுக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, உள்பக்கமாக வலித்தால் அது பெரும்பாலும் மூட்டுக்கு வெளியே உள்ள சமாச்சாரம். அம்மா விஷயத்தில் அது எவ்வளவு முக்கியமானது என்று பிறகு சொல்கிறேன்.

உள்பக்கத்துத் தசைநாரான எம்சிஎல் அகலமாகத் தட்டையாக இருப்பதால் விரலுக்குத் தனியாகப் பிடிபடாது. வெளிப்பக்கத்து எல்சிஎல் அருமையாகப் பிடிபடும். ஒரு காலின் கணுக்காலைத் தூக்கி மற்றக் காலின் தொடைமேல் வைத்துக்கொண்டு வெளிப்பக்க மூட்டுக்கோட்டில் தடவினால் பென்சில் மாதிரி விறைப்பாக ஒரு கயிறு தட்டுப்படும். அது கீழே போய்ச் சேரும் உருண்டையான முனைதான் ஃபிபுலாவின், அதாவது டிபியாவுக்கு வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய எலும்பின் தலை. ஃபிபுலா முழங்கால் மூட்டில் நேரடியாகச் சேர்வதில்லை, ஆனாலும் அதைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதற்கு வேலை இருக்கிறது. பின்பக்கம் கையை வைத்தால் இருபுறமும் தொடைப் பின்தசைகளின் நார்கள் இரண்டு சுவர் போல நிற்கும். நடுவில் உள்ள குழியில் காலுக்குப் போகும் முக்கிய ரத்தக் குழாய்களும் நரம்பும் போகின்றன. அந்தக் குழியில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதை எங்கள் பிசியோதெரபிஸ்ட் கண்டிப்பாக வேண்டாம் என்றார்.

அப்புறம் காலை நீட்டித் தளர்வாக வைத்துக்கொண்டு சில்லை விரல்களால் இடமும் வலமும் நகர்த்திப் பாருங்கள், நகரும். தொடையை இறுக்குங்கள், நகராது. சில்லுக்கு மேலே தொடைப்பக்கம் மூட்டின் உறை ஒரு பை போல ஏறிப் போகிறது. அதனால்தான் மூட்டுக்குள் நீர் கோத்தால் வீக்கம் சில்லுக்கு மேலேயும் இருபுறமும் பரவித் தெரியும், சில்லின் ஓரங்கள் மறைந்துபோகும். சில்லுக்கு முன்னால் மட்டும், தோலுக்கு அடியில் புடைத்திருந்தால் அது மூட்டு வீக்கமே இல்லை, அங்கே உள்ள பர்சா என்ற சின்ன நீர்ப்பை வீங்கியிருக்கிறது. மண்டியிட்டு வேலை செய்கிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். ஒழுங்கான முழங்காலில் இருக்கும் வழுவழு நீரே சில மில்லிதான், அதனால் கண்ணுக்குத் தெரியுமளவு வீங்கினால் அதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி மெனிஸ்கஸ். தொடை எலும்பின் அடிமுனை உருண்டை, அது உட்காரும் டிபியாவின் மேல்தளம் கிட்டத்தட்டத் தட்டை. உருண்டை அடிப் பானையைத் தரையில் வைத்தால் எப்படி உருளுமோ அப்படித்தான் இதுவும் உருளும், அதற்கு வைத்த பிரிமணைகள்தான் இரண்டு மெனிஸ்கஸ்களும். ஓரத்தில் தடிமனாகவும் நடுவில் மெல்லியதாகவும் இருந்து, எலும்பு தொடும் பரப்பை அதிகமாக்கி எடையைப் பரப்பிவிடுகின்றன. கால் நீட்டி நிற்கும்போது மூட்டில் இறங்கும் சுமையில் சுமார் பாதியை இவைதான் வாங்கிக்கொள்கின்றன, மடக்கினால் இன்னும் அதிகம். உள்பக்கத்து மெனிஸ்கஸ் பிறை வடிவம், அது எம்சிஎல்லின் உள்ளடுக்கோடு ஒட்டியிருப்பதால் அதிகம் நகர முடியாது. வெளிப்பக்கத்தது ஏறக்குறைய வட்டம், நன்றாக நகர்ந்துகொடுக்கும். நகர முடியாதது மாட்டிக்கொள்கிறது. எனக்குக் கிழிந்ததும் உள்பக்கத்ததுதான், கூடவே எம்சிஎல்லும் லேசாக இழுபட்டிருந்தது.

ஒருகாலத்தில் மெனிஸ்கஸ் கிழிந்தால் அதை முழுதாக எடுத்துப் போட்டுவிடுவார்கள், மெனிஸ்கஸால் பெரிய பயனில்லை என்று நினைத்திருக்கிறார்கள். 1948-ல் ஃபேர்பேங்க் என்ற மருத்துவர், அப்படி எடுக்கப்பட்டவர்களின் எக்ஸ்ரேயில் மூட்டு மாறிக்கொண்டே போவதைக் காட்டி எழுதினார். இன்று முடிந்தவரை தைப்பது, முடியாவிட்டால் கிழிந்த துணுக்கை மட்டும் எடுப்பது என்று வந்துவிட்டது. தைக்கலாமா வேண்டாமா என்பதில் பெரிய பங்கு இடத்துக்குத்தான்: வெளியோரத்து மூன்றில் ஒரு பங்குக்கு ரத்தம் வருகிறது, அங்கே கிழிந்தால் ஆறும் வாய்ப்பு உண்டு. உள்ளோரத்தில் ரத்தமே இல்லை, அங்கே ஆறுவது கடினம். அதனால் "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று யார் சொன்னாலும் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். எம்சிஎல்லா, ஏசிஎல்லா, மெனிஸ்கஸா, மெனிஸ்கஸ் என்றால் எந்தப் பக்கம், வெளியோரமா உள்ளோரமா என்று கேளுங்கள். எம்சிஎல் பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமலேயே ஆறும், முழுதாக அறுந்த ஏசிஎல் தானாக ஒட்டுவது அரிது. ஒரே சொல்லில் அடக்கிவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதே தெரியாமல் போய்விடும்.

எம்ஆர்ஐ பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த அறிக்கையைப் படித்துப் பயந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மெனிஸ்கஸில் கிரேடு 1, கிரேடு 2 என்று எழுதியிருந்தால் அது உள்ளுக்குள் ஏற்பட்ட மாற்றம், மேற்பரப்பு வரை வந்த கிழிசல் கிடையாது. கிரேடு 3 என்றால்தான் கிழிசல். சரி, கிழிசல் இருந்தால் வலி அதனால்தானா? அதுவும் நிச்சயமில்லை. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 50 முதல் 90 வயது வரை உள்ள சுமார் ஆயிரம் பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2008-ல் ஒரு ஆய்வு வெளியானது. மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்காலில் வலியோ பிடிப்போ எதுவுமே இல்லை. ஐம்பதைத் தாண்டியவர்களின் படத்தில் கிழிசல் தெரிவது அவ்வளவு சகஜம். அம்மாவின் எம்ஆர்ஐயிலும் கிழிசல் என்றுதான் வந்தது, ஆனால் அவர் விரல் வைத்துக் காட்டிய இடமும் படத்தில் கிழிந்திருந்த இடமும் ஒத்துப்போகவில்லை. படத்துக்கு வைத்தியம் பார்க்காமல் விரல் காட்டிய இடத்தைப் பார்த்த மருத்துவர் அமைந்தது எங்கள் நல்ல நேரம்.

வலி எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு. ஸ்காட் டை என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர், மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்து போடாமல், முழு நினைவோடு தன் முழங்கால்களுக்குள் கருவியை விட்டு ஒவ்வொரு பாகமாகத் தொடச் சொல்லி எங்கே எவ்வளவு வலிக்கிறது என்று பதிவு செய்து 1998-ல் வெளியிட்டார். சில்லின் பின்பக்கத்துக் குருத்தெலும்பைத் தொட்டபோது அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. முன்பக்கத்து உள்சவ்வையும், சில்லு நாருக்குப் பின்னால் இருக்கும் கொழுப்புத் திண்டையும் தொட்டபோது கடுமையான வலி. இது எதிர்பார்க்கக் கூடியதுதான், குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. ஆக, "தேய்ந்துவிட்டது, அதனால் வலிக்கிறது" என்பது அவ்வளவு நேர்கோடான கணக்கு இல்லை. வலியைச் சொல்வது அதைச் சுற்றியுள்ள சவ்வு, கொழுப்பு, உறை, அடியில் இருக்கும் எலும்பு. இவற்றின் எரிச்சல் அடங்கக் கூடியது. எக்ஸ்ரேயில் அம்மாவின் மூட்டு இன்றும் அப்படியேதான் இருக்கிறது, வலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

எனக்கு உண்மையில் நீண்ட வேலை வைத்தது கிழிசல் இல்லை, தொடைதான். மூட்டுக்குள் கொஞ்சம் நீர் கோத்தாலே உடம்பு தொடை முன்தசைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது, அதிலும் சில்லுக்கு மேலே உள்பக்கம் கண்ணீர்த்துளி போலப் புடைத்துத் தெரியும் தசைதான் முதலில் அடங்கிப்போகிறது. வலிக்குப் பயந்து நாம் பயன்படுத்தாமல் விடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், வலியே இல்லாவிட்டாலும் வீக்கம் மட்டும் இருந்தால் போதும், தசை வேலை நிறுத்தம் செய்துவிடும். சில வாரங்களிலேயே வலது தொடை இடது தொடையைவிட மெலிந்து போனது கண்ணுக்கே தெரிந்தது. தொடை பலவீனமானால் படி இறங்கும்போது முட்டி விட்டுப்போகும், அதனால் மூட்டு இன்னும் எரிச்சலடையும், மறுபடி நீர் கோக்கும். இந்தச் சுழலை உடைப்பதுதான் முதல் சில வாரங்களின் மொத்த வேலையும்.

அதற்கு எனக்குத் தந்தது மிக எளிமையான பயிற்சி. கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டு ஒன்றை வைத்து, அதைக் கீழே அழுத்துவது போலத் தொடையை இறுக்கி ஐந்து வினாடி பிடித்து விடுவது. ஒரு கையைத் தொடையின் உள்பக்கத் தசைமேல் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், இறுகுகிறதா என்று கைக்குத் தெரிய வேண்டும். அது வந்த பிறகு, நீட்டிய காலை முட்டி மடங்காமல் தூக்குவது. பிறகு குதிகாலைப் படுக்கையில் இழுத்து மடக்குவது. அதற்குப் பிறகு சுவரில் சாய்ந்து பாதி உட்காருவது, தாழ்ந்த படியில் மெதுவாக இறங்குவது. அவசரப்பட்டு நடுவில் உள்ளதைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் முந்தைய நாள் செய்தது அதிகம், இல்லையென்றால் சரி. இந்த ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டே நான் கடைசிவரை போனேன்.

முழுதாக நீட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கதவுக் கீல் போல மடங்கி நீள்வது மட்டும்தான் முழங்காலின் வேலை என்று நினைக்கிறோம், ஆனால் நீட்டலின் கடைசிச் சில டிகிரிகளில் டிபியா லேசாக வெளிப்பக்கம் திருகிக்கொண்டு மூட்டைப் பூட்டிக்கொள்கிறது. அதனால்தான் தொடைத் தசையை அதிகம் செலவழிக்காமல் நம்மால் நெடுநேரம் நிற்க முடிகிறது. மறுபடி மடக்க வேண்டும் என்றால் பின்னால் இருக்கும் பாப்ளிடியஸ் என்ற சின்னத் தசை அந்தத் திருகலை எடுத்துப் பூட்டைத் திறக்கிறது. அடிபட்ட பிறகு முட்டியின் கீழே தலையணை வைத்து மடக்கியே படுப்பது சுகமாக இருக்கும், வீங்கிய மூட்டுக்கு அந்த நிலைதான் வசதி. ஆனால் அப்படியே விட்டால் கடைசிச் சில டிகிரிகள் வராமல் போய்விடும், நடை நொண்டலாகவே நின்றுவிடும். வீக்கத்துக்குக் காலை உயர்த்தி வைப்பது என்றால் தலையணை குதிகாலுக்கு அடியில் வரட்டும், முட்டி அந்தரத்தில் நீண்டு கிடக்கட்டும். அடிபட்ட பக்கம் முழுதாக நீள்கிறதா என்று பார்க்கக் குப்புறப் படுத்து, பாதங்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, இரண்டு குதிகாலும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று உயர்ந்திருந்தால் அந்தக் கால் இன்னும் நீளவில்லை.

இன்னொரு ஆச்சரியம், எனக்குத் தந்த பயிற்சிகளில் பாதி முழங்காலுக்கே இல்லை, இடுப்புக்கு. ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது மாதிரி. இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலவீனமாக இருந்தால் ஒற்றைக் காலில் நிற்கும்போது தொடை உள்பக்கம் சாயும், முட்டியும் கூடவே உள்ளே விழும், சில்லு தன் பள்ளத்தில் வெளிப்பக்கமாக இழுபடும். கண்ணாடி முன்னால் நின்று ஒற்றைக் காலில் லேசாகக் குந்திப் பாருங்கள், முட்டி கட்டைவிரல் பக்கம் உள்ளே சரிகிறதா, பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராகவே இருக்கிறதா என்று. நடுவில் மாட்டிக்கொண்ட மூட்டு இது, மேலே இடுப்பும் கீழே பாதமும் செய்வதை இதுதான் தாங்குகிறது.

அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு வலி படி ஏறும்போது, அதைவிடப் படி இறங்கும்போது, தரையில் உட்கார்ந்து எழும்போது. சமதளத்தில் நடந்தால் பரவாயில்லை. இது சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவில் உள்ள மூட்டின் பேச்சு. முட்டியை மடக்க மடக்கச் சில்லு பின்னால் அழுந்துகிறது, படிகளில் அந்த அழுத்தம் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு, ஆழமாகக் குந்தும்போது இன்னும் பல மடங்கு. அதனால் நடையை நிறுத்தத் தேவையில்லை, நாற்காலியின் உயரத்தைக் கூட்டினாலே பெரிய விடுதலை. படி ஏறும்போது நல்ல காலை முதலில் வைப்பது, இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் இறக்குவது. கைத்தடி வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். "வலிக்கிற பக்கம்தானப்பா பிடிக்கணும்?" என்று அம்மா கேட்டார், நிறையப் பேர் அப்படித்தான் பிடிக்கிறார்கள். எதிர்க்கையில் பிடித்தால்தான் வலிக்கும் காலை ஊன்றும் அதே நேரத்தில் தடியும் ஊன்றப்பட்டு எடையில் ஒரு பங்கை அது வாங்கும். எடையைப் பற்றிச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது, ஆனாலும் கணக்கு சுவாரசியமானது: ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. இருபது கிலோ குறைக்க வேண்டும் என்று மலைத்து நிற்க வேண்டியதில்லை, மூன்று நான்கு கிலோவே கால் உணரும்.

இதற்கு நடுவில் அம்மாவுக்கு ராத்திரி ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முட்டியும் உரசும் இடத்தில் வலி என்று புதிதாக ஒன்று தொடங்கியது. தேய்மானம் முற்றிவிட்டது என்றே எல்லாரும் சொன்னார்கள். விரலால் காட்டச் சொன்னபோது அவர் தொட்டது மூட்டுக்கோட்டை இல்லை, அதற்கு மூன்று விரற்கடை கீழே, உள்பக்கம். தொடையிலிருந்து வரும் மூன்று தசைகளின் நார்கள் ஒன்றுசேர்ந்து டிபியாவில் ஒட்டும் இடம் அது, அங்கே ஒரு பர்சா இருக்கிறது, அதுதான் வீங்கியிருந்தது. முட்டிகளுக்கு நடுவில் மெல்லிய தலையணை, பனிக்கட்டி ஒத்தடம், தொடைப் பின்தசையை நீட்டும் பயிற்சி, அவ்வளவில் அடங்கியது. மூட்டையே மாற்ற வேண்டுமோ என்ற பேச்சு வரை போயிருந்தது.

முட்டிக்குப் பின்னால் பந்து போல ஒன்று புடைத்தாலும் பதற வேண்டாம், பெரும்பாலும் அது மூட்டுநீர் பின்பக்கம் பிதுங்கிச் சேர்வது, 1877-ல் அதை விவரித்த பேக்கரின் பெயரால் பேக்கர் கட்டி என்பார்கள். நீர் ஏன் சுரக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால் அந்தக் கட்டி உடைந்ததாகவும் இருக்கலாம், ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்ததாகவும் இருக்கலாம். இரண்டும் வெளியிலிருந்து ஒரே மாதிரி இருக்கும், அன்றே ஸ்கேன் செய்து பார்த்துவிட வேண்டும். மடக்கி நீட்டும்போது வரும் சொடக்குச் சத்தத்துக்கு வலியும் வீக்கமும் இல்லாவிட்டால் எந்த வைத்தியமும் வேண்டாம்.

தள்ளிப்போடக் கூடாதவை சில உண்டு. முட்டி சிவந்து, சூடாகி, காய்ச்சலும் இருந்தால் அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம், சில நாட்களிலேயே குருத்தெலும்பை அழித்துவிடும், ராத்திரியாக இருந்தாலும் போய்விடுங்கள். நீட்டிய காலைப் படுக்கையிலிருந்து தூக்கவே முடியவில்லை என்றால் தொடை நாரோ சில்லு நாரோ அறுந்திருக்கலாம், சில்லே உடைந்திருக்கலாம். பாதி மடக்கிய நிலையில் முட்டி மாட்டிக்கொண்டு நீளவே மறுத்தால் கிழிந்த மெனிஸ்கஸ் நடுவில் புரண்டு கிடக்கலாம், அதைத் திருகி நீட்ட முயல வேண்டாம். அடிபட்டவருக்கு எக்ஸ்ரே தேவையா என்பதற்கு ஒட்டாவா விதிகள் என்று உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள்: வயது 55 அல்லது அதற்கு மேல், சில்லில் மட்டும் அழுத்தினால் வலி, ஃபிபுலா தலையில் அழுத்தினால் வலி, 90 டிகிரி மடக்க முடியாமை, அடிபட்டவுடனும் மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்துவைக்க முடியாமை. இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுவார்கள். குழந்தையோ வளரும் பிள்ளையோ முட்டி வலி என்று நொண்டிக்கொண்டு வந்து, முட்டியில் ஒன்றும் தெரியவில்லை என்றால் இடுப்பைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், இடுப்பு மூட்டின் கோளாறு முழங்காலில் வலியாகத் தெரிவது உண்டு, அதில் நாள் கடத்தினால் இடுப்பு மூட்டே கெட்டுவிடும்.

ஃபிபுலாவின் தலையைக் கண்டுபிடித்து வைக்கச் சொன்னேன் இல்லையா? அதற்குச் சற்றுக் கீழே, தோலுக்கு அடியிலேயே, பாதத்தை மேல்நோக்கித் தூக்கவைக்கும் நரம்பு எலும்பைச் சுற்றிக்கொண்டு போகிறது. முழங்கால் பட்டையை இறுக்கிக் கட்டும்போது அதன் விளிம்போ கொக்கியோ அந்த இடத்தில் அழுந்தாமல் பாருங்கள். பனிக்கட்டிப் பையையும் நேரடியாக அங்கே வைத்துக்கொண்டு தூங்கிவிட வேண்டாம், துணி சுற்றி, பதினைந்து இருபது நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போனாலோ, நடக்கும்போது விரல் நுனி தரையில் தட்டினாலோ பட்டையை உடனே கழற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.